மூன்றாவது சுற்று

மூன்றாவது சுற்றில், கடைசி மிதவைக்கு இருபது அடி இருக்கும்போது, அழகர்சாமியின் ஜெட் ஸ்கீ இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

டெல்லியில், யமுனைக் கரையில் பார்த்துக்கொண்டிருந்த உஷாராணி ஓரடி முன்னால் வந்தாள்.

"பிள்ளையார் கேட்டுட்டார் உஷா!" என்றார் பக்கத்தில் நின்ற கணவர் சுந்தரேஷ். அரசு அலுவலகத்தில் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ஆற்றில் ஜெட் ஸ்கீ வாடகைக்கு விட ஒரே ஓர் உரிமம். ஐந்து பேர் விண்ணப்பித்தார்கள். இரண்டு பேர் காகிதங்களிலேயே கழிந்துபோனார்கள். மூன்றாமவர் வண்டியோடு வந்து, ஆற்றின் வாடையை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டார்.

மிஞ்சியது, நாலு மாநிலங்களில் தொழில் நடத்தும் ஒரு கோவா கம்பெனியும் உஷாராணியும்தான். கம்பெனிக்காக ஓட்ட வந்தவன் அழகர்சாமி, ராமநாதபுரத்துக்காரன்.

மூன்று சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். நடுவில் எஞ்சின் நின்றால் தகுதி போயிற்று.

உஷாராணி முதலிலேயே ஓட்டி முடித்திருந்தாள், தடங்கல் இல்லாமல்.

அவளிடம் இருப்பது இரண்டே வண்டிகள். ஆறு வருடம் ஹரியானாவில் ஓர் ஏரியில் ஓட்டினாள். ஏரி வற்றியது. மயூர் விஹார் குடியிருப்பில், கார் நிறுத்துமிடத்தில், அன்று முதல் இரண்டும் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன; இன்றைக்கு ஒன்றை மட்டும் எடுத்து வந்திருந்தாள். மாதக் கடைசிக்குள் எடுக்காவிட்டால் பழைய இரும்பு வாங்கும் கபாடிவாலாவைக் கூப்பிடுவேன் என்று சொசைட்டி செயலாளர் சொல்லிவிட்டார்.

நடு ஆற்றில் அழகர்சாமி கையை ஆட்டினான். மீட்புப் படகுக்காரர் எஞ்சின் கயிற்றை இழுத்தார். மறுபடி இழுத்தார். படகு அசையவில்லை.

உஷாராணி தன் வண்டியைத் தண்ணீருக்குள் தள்ளினாள்.

"நீ எதுக்குப் போற? அதான் படகு வருதே!"

"வந்த மாதிரிதான்."

அவள் கிட்டே போனபோது அழகர்சாமி தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். "கடல்ல எட்டு வருசமா ஓட்டுறேன்க்கா. இப்பிடி அசிங்கப்பட்டதே இல்ல. இன்னைக்கே சீட்டைக் கிழிச்சிருவாங்க."

"கடல்ல யாருப்பா பூஜைப் பூவைப் பொட்டலம் பொட்டலமாப் போடறா? கயித்தைப் பிடி, ஜல்தி."

மெதுவாக இழுத்து வந்தாள். கரையில் வண்டியைச் சாய்த்து, தண்ணீர் உறிஞ்சும் வாய்க்குள் கையை விட்டாள். சாமந்தி வந்தது. அருகம்புல் வந்தது. உள்ளே விசிறியைச் சுற்றி ஆரஞ்சு நிற நைலான் நூல் இறுகிக் கிடந்தது.

அவள் கை கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தது.

பிறகு அழகர்சாமியிடம் கத்தியை வாங்கி, நூலை ஒன்றுவிடாமல் அறுத்து எடுத்தாள். எட்டிப் பார்க்க வந்த சுந்தரேஷ், நூலைப் பார்த்துவிட்டு, தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"சார்ஜி, இவருக்கு மறு ஓட்டம் கொடுங்கள்" என்று உரிமம் தர வந்திருந்த அதிகாரியிடம் இந்தியில் கேட்டாள் உஷாராணி.

அதிகாரி அதற்குள் உரிமத்தில் அவள் பெயரை எழுத ஆரம்பித்திருந்தார். "மேடம்ஜி, ஆற்றுக் குப்பை எல்லாருக்கும் பொது. அதற்கெல்லாம் மறு ஓட்டம் கிடையாது. எதிர்த்தரப்பு தடை செய்திருந்தால் மட்டும்தான் விதியில் இடம். நீங்களோ இழுத்து வந்து காப்பாற்றியவர்!" என்று சிரித்தார்.

"விடுங்கக்கா, இழுத்துட்டு வந்ததே பெரிசு" என்றான் அழகர்சாமி.

"மறு ஓட்டம் கேட்கும் படிவத்தைக் கொடுங்கள்" என்றாள் அவள்.

டீசல் டப்பா ஒன்றின் மேல் உட்கார்ந்து, ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். 'காரணம்' என்று போட்டிருந்த கட்டத்தில் இந்தியில் எழுதினாள். அவளுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் நாலு வரி எழுத வெகு நேரம் ஆயிற்று. கையெழுத்துப் போடுமுன் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள்.

அதிகாரி வாங்கிச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினார். போகப் போக அவர் குரல் இறங்கியது.

"வண்டியை நிறுத்திய பூமாலை நான் கட்டியது. இன்றைக்கு எனக்குத் தடை எதுவும் வரக்கூடாது என்று விடிகாலையில் பிள்ளையாருக்குச் சாத்தினேன். வாழைநார் கிடைக்காததால் லைஃப் ஜாக்கெட் தைக்கும் நூலில் கட்டினேன். பூஜை முடிந்ததும் என் கணவர் அதை நீர் வரும் பக்கமுள்ள பாலத்திலிருந்து ஆற்றில் போட்டார்."

அழகர்சாமி அவளைப் பார்த்தான்.

"மேடம்ஜி, இதை நான் வாங்கி வைத்தால் உங்கள் ஓட்டமும் ரத்தாகலாம்" என்று படிவத்தை அவளிடமே நீட்டினார் அதிகாரி. "ஆற்றில் பூஜைப் பொருள் போட்டதற்கு அபராதம் வேறு. உங்கள் கணவர் அரசு வேலையில் இருப்பவர் இல்லையா?"

உஷாராணி படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

தள்ளி நின்ற சுந்தரேஷ் அருகே வந்தார். அவள் விரல்களிலிருந்து பேனாவை எடுத்தார். அவள் கையெழுத்துக்குக் கீழே, அலுவலகக் கோப்பில் போடுவதுபோல, பெயர், பதவி, தேதியோடு தன் கையெழுத்தையும் போட்டார்.