எதிரே உட்கார்ந்தவள்

"அதில்லண்ணே, என் விரல் சரியாத்தான் போகுது. உங்க உகுலேலேதான் தப்பா பாடுது!" என்றாள் ஷெர்லின், குட்டி கிடார் போன்ற அந்த நாலு கம்பி வாத்தியத்தை மடியில் வைத்தபடி.

வாத்தியக் கடைக்காரர் சிரித்தார். "நீங்க நொட்டாங்கையாம்மா?"

"சோத்துக்கைதான். அக்கா எதிர்ல உக்காந்து வாசிச்சுக் காட்டுவா. நான் அப்படியே பாத்துப் பிடிச்சிட்டேன். வீட்ல இருக்கிற பழசுல இதே விரலுக்குச் சரியாத்தான் கேட்டுச்சு."

"அதான், கண்ணாடி மாதிரி கை மாறிப்போச்சு. இப்படிப் பிடிச்சா கம்பியெல்லாம் தலைகீழால்ல வரும்! பழசுல சரியா கேட்டுச்சுன்னா, யாரோ கம்பிய மாத்திக் கட்டியிருக்காங்க."

ஷெர்லின் மடியிலிருந்த கம்பிகளைப் பார்த்தாள். கழுத்து விரிசல் விட்டு வீட்டில் கிடக்கும் அந்த முதல் உகுலேலேயை அவளும் அக்காவும் தவிர யாரும் தொட்டதில்லை. "சுருதி சேக்கணும், குடுடி" என்று அதை வாங்கிப்போய் அக்கா ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டது நினைவுக்கு வந்தது. தங்கையின் கையைத் திருத்தவில்லை. போன மாதம் கண்ணை மூடும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

"முறையா சோத்துக்கைல பழகிக்கங்க. இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கீங்க. வேணாம்னா இதுலயும் கம்பிய மாத்தித் தர்றேன்."

வலது கைக்காரியாகப் பிடித்துப் பார்த்தாள். சுவர்க் கண்ணாடியில் யாரோ ஒருத்தி கை மாறி உட்கார்ந்திருந்தாள். பழையபடி திருப்பினாள். இப்போது கண்ணாடிக்குள் அக்காவின் கைகள், எங்கே, நீ வாசி என்பதுபோல் காத்திருந்தன.

"அண்ணே, நான் கைய மாத்தட்டுமா, நீங்க கம்பிய மாத்துறீங்களா?" என்றாள் கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுக்காமல். "சொல்லுங்களேன், நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?"