கைக்கு அடக்கமாக

"இதைவிடச் சின்னதா எதுவும் இல்லையா?"

மூன்றாவது முறையாகக் கேட்டாள் அந்தப் பெண். கண்ணாடி மேசைமேல் இருந்த கேமிங் கம்ப்யூட்டரே ஒரு செருப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. இதைவிடச் சின்னதென்றால் சோப்புப் பெட்டிதான் என்று விற்பனையாளனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

மதியம் மூன்று மணி. கடையில் அவளையும் கூட வந்திருந்தவரையும் தவிர ஆளில்லை. சட்டைப் பையில் கைபேசி மறுபடி அதிர்ந்தது. அக்காதான். அவனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் வீட்டார் ஐந்து மணிக்குள் பதில் கேட்கிறார்கள்.

அந்தப் பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது. பயமே அதனால்தான். பதினைந்து வருஷம் கழித்து ஒரே வீட்டில் இரண்டு பேர் என்னதான் பேசிக்கொள்வார்கள்? அவன் வளர்ந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசி அவன் கேட்டதில்லை. பாத்திரங்கள்தான் பேசின. அதனால் யார் ஜோடியாகக் கடைக்கு வந்தாலும், பொருளைக் காட்டிக்கொண்டே ஆட்களைப் படித்துக்கொண்டிருப்பான்.

இவர்களுக்கு நாற்பதை ஒட்டிய வயது. கம்ப்யூட்டர் மகளுக்காம். பதின்மூன்று வயது, கார் ரேஸ் என்றால் சோறு தண்ணீர் வேண்டாமாம்.

"என்கூடத்தான் ஆடுவா. ஒரு தடவைகூட நான் ஜெயிச்சதில்ல" என்றார் அவர்.

"இவர் வேணும்னே தோப்பாரு. அது அவளுக்கும் தெரியும்" என்றாள் அவள்.

அவன் உள்ளதைச் சொன்னான். இதே பணத்துக்குப் பெரிய பெட்டியில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினால் இன்னும் வேகமாக ஓடும். இது ரெடிமேட், சீக்கிரம் சூடாகும், பிறகு ஒரு பாகத்தை மாற்ற நினைத்தாலும் உள்ளே விரல் நுழைய இடமிருக்காது. அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, மின்விசிறி எவ்வளவு சத்தம் போடும், எடுத்து வைக்கும்போது உள்ளே ஒயர் ஏதும் கழன்றுகொள்ளுமா என்று கேட்டாள். இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை.

"ஒரு இடத்துல வச்சா வச்சதுதானே மேடம். தூக்கிட்டு அலையவா போறீங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் பெட்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு வாசல்வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

"என்னங்க, அவளால தூக்க முடியுமா?"

"தாராளமா. அவ ஸ்கூல் பை இதைவிடக் கனம்."

வாடகை வீடு போலிருக்கிறது, அடிக்கடி மாறுகிறவர்கள் என்று விற்பனையாளன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வண்ண விளக்கு எரிகிற மாடல் ஒன்றும் இருந்தது. அவருக்கு அதன்மேல் கண். அவளோ அது சர்க்கஸ் கூடாரம் மாதிரி இருக்கிறது, பிள்ளை தூங்க வேண்டாமா என்றாள்.

"சரி, உன் இஷ்டம்" என்றார் அவர்.

"இந்த வார்த்தை வாயில வர பதினஞ்சு வருஷம் ஆயிருக்கு பாருங்க" என்று விற்பனையாளனிடம் சொன்னாள். அவர் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

அவள் கேட்கவில்லை, அவரே தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து நீட்டினார். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கையில், அவர் காலரில் ஒட்டியிருந்த நூலை அவள் எடுத்துப் போட்டாள். எடுத்தது அவளுக்கே தெரிந்ததோ என்னவோ. பிறகு இருவரும் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மௌனத்தை விற்பனையாளன் வெகுநேரம் கவனித்தான். அவன் வீட்டு மௌனம் இல்லை இது. அதில் எப்போதும் ஏதோ ஒன்று வெடிக்கக் காத்திருக்கும். இதில் கோபமில்லை, அவசரமில்லை. எல்லாவற்றையும் பேசி முடித்தவர்களிடம் மட்டுமே இருக்கக்கூடிய அமைதி இது. இப்படியும் இருக்க முடியும் என்றால் அவனுக்கு வேறென்ன வேண்டும்?

அலமாரிப் பக்கம் திரும்பி நின்று கைபேசியை எடுத்தான். 'எனக்குச் சம்மதம், சொல்லிடுக்கா' என்று அனுப்பினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. 'சொல்லிட்டேன்டா. அவங்க வீட்டுல ஒரே சந்தோஷம்.'

நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. அவன் திரும்பியபோது அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"இதையே எடுத்துக்கறோம். மானிட்டர் ரெண்டு, கீபோர்டு ரெண்டு, மவுஸ் ரெண்டு போட்டுடுங்க."

"மானிட்டர் ரெண்டு சரி மேடம். இருக்கறது ஒரு கம்ப்யூட்டர், கீபோர்டு எதுக்கு ரெண்டு?"

"ஒரு செட் என் வீட்டுக்கு, ஒரு செட் இவர் வீட்டுக்கு" என்றாள் அவள், அமைதி கலையாமல். "நேத்துதான் தீர்ப்பாச்சு, பொண்ணு வாரத்துல நாலு நாள் என்கிட்ட, மூணு நாள் இவர்கிட்ட இருப்பா, இந்தப் பெட்டியும் அவகூடவே போய் வரும்."