ஆரஞ்சு மீனின் உண்ணாவிரதம்

“இவன்தான் மத்தவாளை எல்லாம் முடிச்சிருக்கான்” என்றார் சேஷு, கண்ணாடித் தொட்டியை நோக்கி விரலை நீட்டி.

உள்ளே மிச்சமிருந்தவை இரண்டு. ஒன்று, மகள் மேதா புனேக்கு வேலைக்குப் போகும்போது அப்பாவை நம்பி விட்டுப்போன ஆரஞ்சு மீன். இன்னொன்று, அதற்குத் துணையாக அவர் வாங்கிவிட்ட ஒன்பதில் கடைசியாக எஞ்சிய கறுப்புக் குட்டி. மற்ற எட்டும் இரண்டு மாதத்தில் ஒவ்வொன்றாக மிதந்துவிட்டன. ஒவ்வொரு சாவுக்கும் சேஷு தலைக்குக் குளித்தார்.

அது சாது, வீண்பழி போட வேண்டாம் என்றாள் அன்னபூர்ணி. மனைவி சொன்னதைக் கேட்காமல், புரை விழுந்த கண்ணோடு தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். மூன்றாம் நாள் கறுப்புக் குட்டியும் மல்லாந்தது. ஆரஞ்சு அதன் பக்கம்கூடத் திரும்பவில்லை.

தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு மண்டி மொஹல்லாவில் இருக்கும் காளியப்பனின் மீன் கடைக்கு ஓடினார். காளியப்பன் அதில் ஒரு காகிதப் பட்டையை நனைத்துப் பார்த்து முகம் சுளித்தார். தினமும் எவ்வளவு தீனி என்று விசாரித்தார். மூன்று வேளையும் கைப்பிடி கைப்பிடியாக என்றார் சேஷு.

“ஒரு சிட்டிகை போதுமுங்க சார். மிச்சமெல்லாம் அடியில அழுகித் தண்ணியே விஷமாயிருச்சுங்க.”

சேஷு நடந்ததைச் சொன்னார். வைகாசியில் ஒரு கல்யாணத்துக்காக அவர் மட்டும் கொள்ளேகால் போய் நாலு நாள் தங்கிவிட்டார். திரும்பியதிலிருந்து ஆரஞ்சு வாயே திறப்பதில்லை. கோபமாக்கும் என்று அள்ளி அள்ளிப் போட்டதாக ஒப்புக்கொண்டார்.

அந்தத் தண்ணீரில், அதுவும் இரண்டு மாதப் பட்டினியோடு, ஒரு மீன் எப்படி உயிரோடு இருக்கிறது என்று காளியப்பனுக்கு விளங்கவில்லை. நாளைக்கே நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த சேஷு, ஆரஞ்சு மீனிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். பிறகு அன்னபூர்ணியிடம், மேதாவின் மீனைப் பார்க்கக் கடைக்காரரே வீடு தேடி வருகிறார் என்று பெருமையாகச் சொன்னார்.

அன்னபூர்ணி அடுப்பை அணைத்துவிட்டு மெதுவாக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அவரை வரவேண்டாம்னு சொல்லிடுங்கோ. அதுக்கு நான்தான் பேட்டரி மாத்திண்டிருக்கேன்.”