இறுகிய பிளக்

“மெர்ல், கொஞ்சம் வர்றீங்களா? பிளக் அசைய மாட்டேங்குது.”

கிளெண்டா கூப்பிட்டதும் எதிர் கேரவனிலிருந்து மெர்ல் இறங்கி வந்தார். எண்பதை நெருங்கும் வயது. ஒரு கை இடுப்பிலேயே இருந்தது.

கம்பத்தில் இருந்த கரன்ட் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். ஒரு காலைக் கம்பத்தில் முட்டுக் கொடுத்தார். பெட்டியில் செருகியிருந்த கேரவன் கேபிளின் பிளக்கை மேலும் கீழும் ஆட்டி ஆட்டி இழுத்தார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் பிளக் வந்தது. அவர் பின்னால் தள்ளாடி, கேரவனில் சாய்ந்து நின்றார்.

“என்ன அம்மணி, வெல்டிங் வச்சு ஒட்டிட்டீங்களா?”

“உங்களுக்கு வயசாயிடுச்சுன்னு ஒத்துக்குங்க.”

“யாரு சொல்றது? ஊறுகாய் பாட்டில் மூடி திறக்க என்கிட்ட வர்றவங்க.”

கிளெண்டா சிரித்தாள். அவர் கேபிளைச் சுருட்டி உள்ளே வைத்தார். அவள் டாக்டரைப் பார்க்கப் புறப்பட்டுப் போனாள். இங்கே வண்டிதான் வீடு. பிளக்கைப் பிடுங்கினால்தான் வீடு நகரும்.

டெனிஸ் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தக் குளிர்காலத்தில்தான் ஒஹையோவிலிருந்து அரிசோனாவுக்கு, இந்தக் கேரவன் பார்க்குக்குப் புதிதாக வந்திருந்தாள்.

பக்கத்து கேரவன் ஆர்லீனிடம் போனாள்.

“அந்த மனுஷன் நெஞ்சுல ஸ்டென்ட் இருக்கு. தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா? நேத்து நீங்க கூப்பிட்டீங்க. இன்னைக்கு கிளெண்டா. நாளைக்கு யாரு?”

“நாளைக்கு அந்தக் கடைக்கோடி வண்டிக்காரி. முறை வச்சிருக்கோம்.”

“சிரிக்கற விஷயமில்ல ஆர்லீன். கேக்க ஆள் இல்லாத மனுஷன்னா இப்படியா வேலை வாங்கறது? பிளக்குக்குன்னே கிரீஸ் விக்கறான். பிளக் முள்ளைத் துடைச்சுட்டுக் கொஞ்சம் தடவினா ரெண்டு விரல்ல வரும். இத்தனை வருஷமா கேரவன்ல இருக்கீங்க, ஒருத்தருக்குமா தெரியாது?”

“நீ காபியைக் குடி டெனிஸ். ஆறுது.”

டெனிஸ் குடிக்கவில்லை. எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் பான்கேக் தின்னப் பார்க்கின் பொது ஹாலுக்குப் போனார்கள். மெர்லும் போனார். டெனிஸ் தலைவலி என்று சொல்லிவிட்டாள்.

கேரவன் வரிசையில் ஆள் இல்லாமல் போனதும் வெளியே வந்தாள். சுவிட்சை அணைத்தாள். பிளக்கைப் பிடித்து இழுக்க ஒரு கைப்பிடி வாங்கி வைத்திருந்தாள். அதை மாட்டி இழுத்தாள். முள்ளில் இருந்த கறுப்பை உப்புத்தாளால் தேய்த்தாள். கிரீஸ் தடவினாள். செருகினாள். சுவிட்சைப் போட்டாள். அடுத்த கம்பம். அதற்கடுத்தது. வரிசை முழுவதும் முடித்தாள்.

திரும்பி வந்தவர்கள் வண்டிக்குள் மைக்ரோவேவ் கடிகாரம் சிமிட்டுவதைப் பார்த்துவிட்டு, கரன்ட் போய் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஆர்லீன் மொன்டானாவுக்குப் புறப்பட்டாள். வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் எல்லாரும் வடக்கே போய்விடுவார்கள்.

“மெர்ல், வாங்க. என்னைப் பிடுங்கி அனுப்புங்க.”

மெர்ல் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார்.

“போற அன்னைக்காவது ஒழுங்கா வருதா பாக்கலாம்.”

சுவிட்சை அணைத்தார். ஒரு காலைக் கம்பத்தில் முட்டுக் கொடுத்தார். இழுத்தார்.

பிளக் வழுக்கிக்கொண்டு வந்தது. மெர்ல் சரளைக் கல்லில் பொத்தென்று உட்கார்ந்தார்.

ஆர்லீன் கீழே இறங்கி ஓடி வந்தாள். அவர் கையை நீட்டித் தடுத்தார். பிளக்கைத் திருப்பிப் பார்த்தார். முள்ளைத் தொட்டு விரலை மோந்தார். எழுந்து பக்கத்துக் கம்பத்துக்குப் போனார். சுவிட்சை அணைத்து, ரெண்டு விரலால் இழுத்தார். வந்தது. திரும்பச் செருகினார். அடுத்ததையும் பார்த்தார்.

டெனிஸ் வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“நான்தான் பண்ணேன் மெர்ல். எல்லா வண்டிக்கும். இனிமே உங்களை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க.”

“ஆமா,” என்றார் மெர்ல். “பண்ண மாட்டாங்க.”

கையுறையைக் கழற்றினார். கம்பத்தின் மேலேயே வைத்துவிட்டு நடந்தார். அவர் கேரவன் கதவு சாத்திக்கொண்டது. திரையும் இழுபட்டது.

ஊருக்குப் போகிறவர்கள் அவர் வாசலில் ஹாரன் அடிப்பார்கள். அவர் வந்து தொப்பியைத் தூக்கிக் காட்டுவார். ஆர்லீன் வண்டியை நிறுத்தி அடித்தாள். மறுபடி அடித்தாள். திரை அசையவில்லை.

டெனிஸ் டிரைவர் ஜன்னலுக்கு வந்தாள்.

“கோவிச்சுக்கிட்டாரா? நல்லதுதானே பண்ணேன்?”

ஆர்லீன் இன்னொரு தடவை ஹாரன் அடித்தாள்.

“ஒரு டியூப் கிரீஸ். அதை வாங்க உங்க ஒருத்தருக்கும் மனசு வரலையே.”

ஆர்லீன் கியரில் கை வைத்தபடி சாத்திய கதவையே பார்த்தாள்.

“எல்லார்கிட்டயும் இருந்துச்சு டெனிஸ். அவர் சம்சாரம் வெர்னா, கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி, நிக்கக்கூட முடியாம, ஒவ்வொரு வண்டிக் கதவையும் தட்டி அந்த டியூபைக் கேட்டு வாங்கிட்டுப் போனா. ‘நான் போனப்புறம் எதையும் நீங்களா பண்ணிக்காதீங்க, அவரைக் கூப்பிடுங்க’ன்னா.”