பெயர் சொல்லாத சாட்சி

புதன்கிழமைதோறும் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடும் நாடாளுமன்றத் தெரிவுக் குழு, அன்று முதியோர் இல்லங்களைப் பற்றி விசாரித்தது. உறுப்பினர் டெரெக் பாஸ்கோ காகிதங்களிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

சாட்சி மேவிஸ் ட்ரூவுக்கு எழுபது வயது. ஹீட்டர் பழுதான ஓர் இல்லத்தில், ஜனவரிக் குளிரில் கணவரைப் பறிகொடுத்தவர்.

"முன்னாடியே யார்கிட்டயும் சொல்லலையாம்மா?" என்று கேட்டார் குழுத் தலைவி ஹெஸ்டர்.

"சொன்னேங்க. எங்க எம்.பி.யை நேர்ல போய்ப் பார்த்தேன். இன்னைக்கே அந்த இல்லத்துக்குக் கடிதம் எழுதுறேன்னார். மூணு வாரத்துல என் வீட்டுக்காரர் போயிட்டார்."

"அவர் எழுதினாரா?"

"அப்படி ஒரு கடிதமே வரலைன்னு இல்லத்துல சொன்னாங்க."

ஹெஸ்டரின் முகம் சிவந்தது. "யாரந்த எம்.பி.? பேரைச் சொல்லுங்க. பயப்படாதீங்க."

மேவிஸ் மேசையைச் சுற்றி ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். "பேர் வேண்டாங்க. இனிமே மத்தவங்களுக்கு இப்படி ஆகாமப் பார்த்துக்குங்க, போதும்."

ஹெஸ்டர் பக்கத்து இருக்கையின் பக்கம் திரும்பினார்.

"டெரெக், அடுத்து நீங்கதான். ஏதாவது கேக்கணுமா?"

"இல்லை," என்றார் டெரெக். தண்ணீரை எடுத்துக் குடித்தார். பாதி காகிதத்தில் சிந்தியது.

விசாரணை முடிந்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே ஓடினார். நடைகூடத்தின் கோடியில் மேவிஸ் போய்க்கொண்டிருந்தார்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க."

மேவிஸ் நின்றார்.

டெரெக் அருகில் வந்தார். "என் பேரை ஏன் நீங்க சொல்லலை?"

மேவிஸ் கோட்டுப் பொத்தானைப் போட்டபடியே சொன்னார்: "நீங்களே சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன் தம்பி."