விற்க மறுத்த புண்ணாக்கு

“புண்ணாக்கு இல்லம்மா.”

தையல்கார அக்கா எட்டிப் பார்த்தாள். தீவனக் கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் மூட்டைகள் கூரையை இடித்துக்கொண்டு நின்றன.

“அதெல்லாம் என்னண்ணே, தலகாணியா?”

“இருக்கு. உங்களுக்கு இல்ல.”

கடையில் நின்ற நாலு பேரும் திரும்பினார்கள்.

“சினை ஆடுண்ணே. இருக்கிறதே அது ஒண்ணுதான். எலும்பும் தோலுமா நிக்குது, தாடை வேற வீங்கித் தொங்குது. வயித்துல இருக்கிறது பிழைக்கணும்ல?”

“என் புண்ணாக்கைத் தின்னுட்டு அப்படி நின்னா எனக்குத்தான் கேவலம். ஆடு வளர்க்கத் தெரியாதவங்களுக்கு நான் விக்கறதில்ல.”

“எனக்கா தெரியாது? உங்க சரக்குல சத்து இல்லன்னு சொல்லுங்க.”

“அதை டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, பார்க்கலாம்.”

“இதோ போறேன். உங்க கடையை மூட வைக்கலேன்னா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க.”

போன வேகத்தில் செருப்பு அறுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

கால்நடை டாக்டர் ஆட்டின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது. புழுக்கையைக் கரைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

“புண்ணாக்கு மேல தப்பில்லம்மா. குடல் பூரா புழு. தின்ன புரதம் ரத்தத்தோட சேர்ந்து குடல் வழியா கசிஞ்சு போகுது. மிச்சத்தைக் குடல் புண்ணை ஆத்தவே உடம்பு செலவழிச்சிடுது. அப்புறம் சதைக்கு ஏது, குட்டிக்கு ஏது? ரத்தத்துல புரதம் குறைஞ்சதாலதான் தாடையில நீர் கோத்திருக்கு. இன்னும் பத்து நாள் விட்டிருந்தா தாயும் போயிருக்கும், குட்டியும் போயிருக்கும்.”

எடை போட்டு, அதற்குத் தகுந்த மருந்தை ஊற்றினார்.

இரண்டு மாதம் கழித்துக் கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. முன்னால் தையல்கார அக்கா, பின்னால் பளபளவென்று ஆடு, அதன் பின்னால் துள்ளிக்கொண்டு இரண்டு குட்டிகள். கடை வாசலில் வேண்டுமென்றே நின்றாள்.

“நல்லா பாத்துக்குங்க கடைக்காரரே, நீங்க விரட்டிவிட்ட ஆடு. இனிமே எனக்கு எதிர்க்கடைதான்.”

ராணி மாதிரி நடந்து எதிர்க்கடைக்குள் போனாள்.

கடைக்காரரின் மனைவி முறைத்தாள். “வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்தீங்களா? நல்ல வாடிக்கை போச்சு.”

“டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு பக்குவமா நாலு தடவை சொன்னேன். ‘இன்னும் ரெண்டு கிலோ போடுங்க’ன்னு சிரிச்சாங்க. ரோஷத்தைக் கிளப்பினாத்தான் போவாங்கன்னு தோணுச்சு.”

அவர் கண் எதிர்க்கடை வாசலிலேயே இருந்தது.

“ஒண்ணு பிழைச்சாலே பெரிசுன்னு நினைச்சேன். ரெண்டு போட்டிருக்கு, பாரேன்.”