சிவப்பு முடிக்காரன்

"இந்த மனுஷனோட இனிமே என்னால குடும்பம் நடத்த முடியாது. நாட்டுக்கு ஆகாதவங்களோட சேர்ந்தவரு."

நீதிபதி முன்னால் சைமா இதைச் சொன்னபோது அவள் குரல் நடுங்கவில்லை. பக்கத்தில் நின்ற அவள் புருஷன் ரெய்னோ தலை நிமிரவில்லை.

அமெரிக்காவின் வடக்கே சுப்பீரியர் ஏரிக்கரையில், கப்பலில் இரும்புத்தாது ஏற்றும் வேலை அவனுக்கு. தொழிற்சங்கத்தில் முன்வரிசை ஆள். கம்யூனிஸ்டுகளைத் தேடித் தலைநகரத்திலிருந்து வந்த விசாரணைக் குழு, "உன்கூடக் கூட்டத்துக்கு வந்த கம்யூனிஸ்டுகள் யார் யார்?" என்று கேட்டது. அவன் வாயே திறக்கவில்லை.

முதலில் வேலை போயிற்று. பிறகு பெண்டாட்டியும் போனாள்.

சைமா பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். "அவன் பெண்டாட்டியா இருக்கற வரைக்கும் உனக்கு இங்க இடமில்லம்மா" என்று பள்ளிக் குழுத் தலைவர் ஹல்வர்சன் சொல்லியிருந்தார். விவாகரத்து ஆனதும் வேலை நிலைத்தது.

"சம்பளத்துக்காகப் புருஷனைக் கைகழுவினவ" என்றது ஊர். ரெய்னோ எதிரே வந்தால் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போனவர்கள்தான் அதைச் சத்தமாகச் சொன்னார்கள்.

ரெய்னோ எங்கே போனான் என்று தெரியவில்லை. வடக்கே ஏதோ மரம் வெட்டும் முகாமில் வேறு பெயரில் இருப்பதாகப் பேச்சு. விசாரணைக் குழுவின் ஆட்கள் அவனை இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இலையுதிர் காலம் வந்தது. சாயங்காலமானால் ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வரும். முதலில் படகுகள் மறையும், பிறகு மாதாகோயில் கோபுரம், பிறகு எதிர்வீடு. பனியில் கப்பல்களை எச்சரிக்கும் கலங்கரை விளக்கத்தின் ஊதல் எங்கிருந்தோ தூக்கத்தில் முனகுவது போலக் கேட்கும்.

அந்தப் பனிக்குள்ளிருந்துதான் சனிக்கிழமைகளில் ஒருவன் வந்தான். சைமா மேஜையில் இரண்டு கோப்பை வைத்திருப்பாள். விளக்கு ஏற்றமாட்டாள். இருவரும் அதிகம் பேசுவதில்லை. ஜன்னலுக்கு வெளியே உலகமே கரைந்துபோய், அந்த அறை மட்டும் தண்ணீரில் மிதப்பது போலிருக்கும். விடிவதற்குள் அவன் பனியோடு போய்விடுவான்.

மீன் பிடிக்கப் போன யாரோ அந்த உருவத்தைப் பார்த்துவிட்டார்கள். ஆள் யாரென்று தெரியவில்லை.

ஊருக்குத் தெரியாததை ரொட்டிக்கடை லெம்பி சொன்னாள்.

"தையல் மெஷின் விக்கிறவன். டுலூத் ஊர்க்காரன். பொண்டாட்டி செத்துட்டா. தலை பூரா சிவப்பு முடி, பனியில நெருப்பு நடந்து வர மாதிரி இருக்கு. வசந்தத்துல கல்யாணமாம்."

ரொட்டி வாங்க வந்தவர்கள் எல்லாரும் கதையையும் வாங்கிக்கொண்டு போனார்கள். மறுவாரம், தாங்களே பார்த்ததாகச் சொன்னார்கள்.

ஹல்வர்சன் காதுக்கும் போனது. "தலைமுடி மட்டும்தான சிவப்பு? அப்ப பரவாயில்ல" என்றாராம்.

பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் சைமாவைப் பார்த்துத் தையல் மெஷின் போலச் சத்தம் எழுப்பின. அன்று மாலை அவள் நேரே ரொட்டிக்கடைக்குப் போனாள். கடையில் வேறு யாரும் இல்லை.

"லெம்பி அக்கா, என் வீட்டு வாசலை எட்டிப் பாக்கறதுதான் உங்களுக்கு வேலையா?"

லெம்பி மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "உக்காரு."

"உக்கார வரல. சிவப்பு முடிக்காரன நீங்க எங்க பாத்தீங்க? சொல்லுங்க."

"எங்கயும் பாக்கல."

"அப்புறம் எதுக்கு என் மானத்த வாங்கறீங்க?"

"நேத்து ரெண்டு பேர் கார்ல வந்தாங்க" என்றாள் லெம்பி. "நீளக் கோட்டு, பளபளன்னு ஷூ. சனிக்கிழமை டீச்சர் வீட்டுக்கு வர்ற ஆள் யாருன்னு கேட்டாங்க."

சைமா கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"நான் சொல்றதுக்கு முன்னாலயே ஊர் சொல்லிடுச்சு. தபால்காரர், மீன்காரர், ஹல்வர்சன், எல்லார் வாயிலயும் அதே தையல் மெஷின், அதே சிவப்பு முடி. என் முறை வந்தப்ப, கல்யாணத்துக்கு என்ன கேக் போடறதுன்னு அவங்ககிட்டயே யோசனை கேட்டேன். அலுத்துப்போய்க் கிளம்பிட்டாங்க."

சைமா உட்கார்ந்துவிட்டாள். வெளியே பனி ஏறத் தொடங்கியிருந்தது. தெரு மெல்லக் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

"செத்துப்போன என் வீட்டுக்காரரும் அந்தக் கூட்டத்துக்கெல்லாம் போனவருதான்" என்றாள் லெம்பி. "நானுந்தான். அன்னிக்கு ரெய்னோகிட்டக் கேட்டப்ப அந்தப் பேரெல்லாம் வெளிய வந்திருந்தா இந்தக் கடை இருக்காது."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, சூடான ஏலக்காய் ரொட்டி இரண்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள்.

"எனக்கு ஒண்ணு போதும் அக்கா" என்றாள் சைமா.

லெம்பி பொட்டலத்தை அவள் மடியில் வைத்தாள்.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போ. அப்புறம், பனியில வரும்போது விசிலடிச்சுக்கிட்டு வர வேணாம்னு உன் புருஷன்கிட்டச் சொல்லு. என் வீடு வரைக்கும் கேக்குது."